ஈச்சங்குழிப்பட்டிக்குக் குடிபோன பத்தாம் வகுப்பு

இன்று நான் சந்தித்தவர் ருக்குமணி. கொல்லிமலையில், திருப்புலி நாட்டில் (சில ஊர்கள் சேர்ந்ததை அங்கே நாடு என்பார்கள்), மிளகும் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் வைத்துப் பிழைக்கும் குடியானவப் பெண். எட்டாவதோடு படிப்பு நின்றவர். அங்கே இருக்கும் அரசு உயர்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்கு அவர்தான் தலைவி, பெற்றோர்களே கூடித் தேர்ந்தெடுத்தது. பறித்த மிளகைத் தார்ப்பாயில் காயப்போட்டுக் கையால் துழாவிக்கொண்டே, போன வருஷம் நடந்ததைச் சாவகாசமாகச் சொன்னார். கேட்டுவிட்டு மலை இறங்கவே மனசு வரவில்லை. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

அந்தப் பள்ளிக்குத் தலைமையாசிரியை மெர்சி டீச்சர். திண்டுக்கல் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். வந்த முதல் வருஷமே அவர் ஒன்றைக் கவனித்தார். பத்தாம் வகுப்பில் தோற்றவர்களில் மக்குப் பிள்ளைகள் என்று யாரும் இல்லை. ஆனால் தோற்றவர்கள் வீடெல்லாம் தார் ரோடு முடிந்த பிறகுதான் இருந்தது. சாயங்காலம் நடக்கும் ஸ்பெஷல் கிளாஸுக்கு ரோட்டோரத்துப் பிள்ளைகள் இருப்பார்கள். தூரத்துப் பிள்ளைகள் மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு காட்டு வழியில் ஓட வேண்டும், இருட்டினால் காட்டெருமை நிற்கும்.

"இவங்களுக்குக் குறைச்சல் மூளையில இல்ல, ருக்குமணி. சாயங்காலத்துலதான் குறைச்சல்" என்றார் டீச்சர்.

அப்படித்தான் முகாம் தொடங்கியது. பொதுத்தேர்வுக்கு முந்தின வாரங்களில் பத்தாம் வகுப்பு மொத்தமும் பள்ளிக்கூடத்திலேயே தங்கும். அங்கேயே சாப்பாடு, அங்கேயே தூக்கம். மெர்சி டீச்சரும் கணக்கு எடுக்கும் ஓம்பிரகாஷ் சாரும் கூடவே இருந்து, பொழுது சாய்ந்த பிறகு ஒவ்வொரு பிள்ளையாகப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். அரிசி, கிழங்கு, விறகு எல்லாம் பெற்றோர்களிடம் கேட்டு வாங்குவது ருக்குமணியின் வேலை. அதில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

குண்டனி நாட்டில் ஈச்சங்குழிப்பட்டி என்று ஒரு ஊர். ரோடு முடிந்து அரைமணி நேரம் நடந்தால்தான் முதல் கூரை தெரியும். அங்கே எட்டாவது முடித்ததும் பிள்ளைகளை நிறுத்திவிடுவார்கள். ருக்குமணி அந்த ஊருக்கு நடையாய் நடந்து, வீடு வீடாக உட்கார்ந்து பேசினார். அருணா என்ற பெண்ணின் அம்மா பாப்பாயிதான் கடைசி வரை பிடி கொடுக்கவில்லை.

"அனுப்பிச்சிருவோம் புள்ள, அப்பறம்? ரோட்டோரத்துப் புள்ளைங்களுக்கு ஒண்ணு, எங்க புள்ளைங்களுக்கு ஒண்ணுன்னு ஆயிருமே?"

"என்ர மோனிஷாவுக்கு என்ன கெடைக்குதோ அதுதான் உன்ர அருணாவுக்கும். ஒரு பருக்கை கொறஞ்சாலும் என்ர ஊட்டு வாசல்ல வந்து கேளு."

அந்த வார்த்தையை நம்பி அந்த ஊரிலிருந்து ஆறு பேர் பத்தாம் வகுப்பு வரை வந்துவிட்டார்கள். ருக்குமணியின் மகள் மோனிஷாவும் அதே வகுப்பு.

போன வருஷம் முகாம் நெருங்கும் நேரத்தில், ருக்குமணியின் வீட்டுக்காரர் சின்னராசு ஒரு சேதியோடு வந்தார். அவருக்கு ஒரு பிக்கப் வண்டி உண்டு, மலையிலிருந்து கிழங்கு ஏற்றிக் கீழே ஜவ்வரிசி மில்லுக்குக் கொண்டுபோவார்.

"ஏ புள்ள, உன்ர முகாமுக்கு வந்துதே வேட்டு. ஈச்சங்குழிப்பட்டியில மாரியம்மன் நோம்பி சாட்டிட்டாங்க."

"நோம்பியா? அது பரீட்சையெல்லாம் முடிஞ்சுதானே வரும்?"

"மழையே காணோமேன்னு இந்தத் தடவை முன்னாலயே பூ கேட்டிருக்காங்க. அம்மனும் குடுத்துருச்சு. வார செவ்வாக்கெழம காப்பு."

கையிலிருந்த முறத்தை ருக்குமணி கீழே வைத்துவிட்டார். புதன்கிழமை முகாம் தொடக்கம்.

அந்த ஊரில் நோம்பி என்கிற திருவிழா நாளை மனிதர்கள் குறிப்பதில்லை. அம்மன் தலையில் ஒரு பூவை வைத்துவிட்டுக் கேட்பார்கள், வலப்பக்கம் விழுந்தால் சரி, இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். காப்புக் கட்டிக் கோயில் முன்னால் கம்பம் நட்டுவிட்டால், பல வாரம் கழித்து அதைப் பிடுங்கும் வரை ஊர்க்காரர் யாரும் வெளியூரில் ராத் தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், பொழுது விழுவதற்குள் ஊருக்குள் வந்துவிட வேண்டும். ஆகவே அந்த ஆறு பேரும் பரீட்சை எழுதப் போகலாம். ஆனால் முகாமில் தங்க முடியாது. எந்தச் சாயங்காலத்துக்காக முகாம் வைத்தார்களோ அந்தச் சாயங்காலம் அவர்களுக்கு மட்டும் இல்லை!

இங்கேதான் ருக்குமணி ஒரு தப்புப் பண்ணினார். அவருக்கு அம்மன் மேல் அவ்வளவு நம்பிக்கை. "பூதானே நாளக் குடுத்துச்சு, பூவே புள்ளைங்களையும் விட்டுரும்" என்று முடிவே பண்ணிவிட்டார். பள்ளிக்கூடத்தில் அந்த ஆறு பேரையும் கூப்பிட்டு, "துணிமணியெல்லாம் எடுத்துக் கட்டி வைங்க கண்ணு. நான் வந்து அம்மன்கிட்டக் கேட்டுப்போட்டு, கையோட கூட்டிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டார். கேட்கும் முன்பே பதில் சொல்லியாகிவிட்டது.

காப்புக்கு முந்தின நாள் ஈச்சங்குழிப்பட்டிக்குப் போனார். ஊர்க்கவுண்டர் செங்கோடன் அவருக்குத் தூரத்து முறையில் மாமன். பேச்சில் குசும்பு, காரியத்தில் கறார்.

"கேளு புள்ள, தாராளமாக் கேளு. ஆனா ஒரே தடவைதான். அம்மன் சொன்னது புடிக்கலீன்னு மறுக்காக் கேக்கற பழக்கம் இங்க இல்ல" என்றார்.

கோயில் முன்னால் ஊரே நின்றது. பை கட்டிக்கொண்டு ஆறு பேரும் ஒரு ஓரமாக நின்றார்கள். அருணா தலைசீவிப் பூவெல்லாம் வைத்துத் தயாராக இருந்தாள். பூசாரி அம்மன் தலையில் அரளிப்பூவை வைத்தார். ருக்குமணி கைகூப்பி, "தாயே, படிக்கற புள்ளைங்க ஆறு பேரு மட்டும் ராத்திரி பள்ளிக்கூடத்துல தங்கிக்கட்டும்" என்றார்.

பூ கொஞ்ச நேரம் அசையவே இல்லை. பிறகு மெதுவாகச் சரிந்து இடப்பக்கம் விழுந்தது.

பாப்பாயி வந்து மகளின் கையிலிருந்த பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். ருக்குமணியைத் திட்டியிருந்தால் கூடத் தேவலை. "வா கண்ணு, ஊட்டுக்குப் போலாம்" என்று மகளிடம் மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். அருணா ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். ருக்குமணிக்கு அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. இதை என்னிடம் சொல்லும்போது கூட அவர் மிளகைத் துழாவுவதை நிறுத்திவிட்டார்.

பசியோடு அனுப்பக் கூடாதென்று செங்கோடன் அவரைத் தன் வீட்டில் உட்கார வைத்துச் சாமைச் சோறு போட்டார். ருக்குமணிக்கு உள்ளே இறங்கவில்லை. பிசைந்துகொண்டே இருந்தார்.

"வெரசாச் சாப்புட்டுட்டுக் கெளம்பு புள்ள" என்று சீண்டினார் செங்கோடன். "நாளைக்குக் காப்புக் கட்டற நேரத்துல நீ இந்த எல்லைக்குள்ள இருந்தீன்னா, அப்பறம் நீயும் எங்கூராளுதான். கம்பம் புடுங்கற வரைக்கும் சின்னராசு தனியாக் களி கிண்டித் திங்க வேண்டியதுதான்."

"வெளியூருக்காரங்களுக்குமா மாமா அந்தச் சட்டம்?"

"உள்ள இருந்தா உள்ளூருதான். போன நோம்பிக்கு வளையல் விக்க வந்தவன் மாட்டிக்கிட்டான். தெனம் பகல்ல யாவாரத்துக்குப் போயிட்டு, ராத்திரிக்கு இங்க வந்து படுத்துக்குவான். ஒரு சுத்துப் பெருத்துட்டுத்தான் போனான்."

"அவனுக்கு யாரு சோறு போட்டது?"

"யாரு போடறது? ஊருதான். காப்புக்குள்ள இருக்கறவனப் பட்டினி போட்டா ஊருக்குத்தானே கேவலம்."

ருக்குமணி பிசைவதை நிறுத்தினார். ஆறு பேர் வெளியே வரக் கூடாது. சரி. மற்றவர்கள் உள்ளே வரக் கூடாதென்று யார் சொன்னது?

"மாமா, அப்ப பத்தாங்கிளாஸ் மொத்தத்தையும் டீச்சரோட இங்க கூட்டிட்டு வந்துட்டா?"

செங்கோடன் வெற்றிலையை மெல்லுவதை விட்டுவிட்டு அவரையே பார்த்தார்.

"இதுக்கும் பூ கேக்கோணுங்களா?"

"அட போ புள்ள! ஊட்டுக்கு விருந்தாடி வாரதுக்கு எந்தச் சாமிகிட்டக் கேப்பாங்க?" என்று சிரித்துவிட்டார் அவர். "ஆனா நாளைக்குப் பொழுதுக்குள்ள வந்துரோணும். காப்புக் கட்டுன பொறவு எவனையும் தங்க உடமாட்டேன்."

தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினார் ருக்குமணி.

மெர்சி டீச்சர் முழுதும் கேட்டார். உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. அவருக்கு ஆயிரம் யோசனை. இருபதுக்கு மேல் பிள்ளைகள், பாதிப் பேர் பெண் பிள்ளைகள், வேறு ஊர், திருவிழாக் கூட்டம்.

"ருக்குமணி, இங்க பள்ளிக்கூடத்துல இருந்தா கேட்டைப் பூட்டிட்டு நிம்மதியாத் தூங்குவேன். அங்க?"

"அங்க கேட்டே இல்லீங்க டீச்சர். அதனால ஊரே முழிச்சிருக்கும்."

டீச்சர் சிரிக்கவில்லை. "ஆறு பேரை விட்டுட்டு நடத்தினா அதுக்குப் பேரு முகாம் இல்ல" என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். அப்புறம் போனை எடுத்து மேலதிகாரியிடம் பேசினார். "ஆமா சார், பள்ளி வளாகத்துலதான். ஈச்சங்குழிப்பட்டியிலயும் நம்ம அரசுத் தொடக்கப் பள்ளி இருக்கே சார். ரெண்டு ரூம், பாத்ரூம், தண்ணி எல்லாம் இருக்கு. பெற்றோர் சம்மதத்தோடதான் சார்." அனுமதி கிடைத்தது. பெற்றோர் சம்மதம்தான் பாக்கி.

மறுநாள் காலையில் கூட்டம். பள்ளிக்கூடத்துக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருக்கும் செல்லமுத்துதான் முதலில் எழுந்தார். அவர் மகன் கார்த்தி வகுப்பில் முதல் ரேங்க்.

"ஏனுங்க தலைவரம்மா, ஆறு பேருக்காவ அத்தன புள்ளைங்களும் மேளத்துக்கு நடுவால உக்காந்து படிக்கோணுமாக்கும்? அந்த ஆறு பேருக்குத் தனியா நோட்ஸ் குடுத்து உட்டா ஆகாதுங்களா?"

"அப்ப உங்க கார்த்திக்கும் நோட்ஸக் குடுத்து ஊட்டுக்கு அனுப்பிச்சிரலாங்களா?"

கூட்டத்தில் சிரிப்பு. செல்லமுத்து விடவில்லை. "அதெப்படிங்க? நாங்க இங்கயே இருக்கறோம். அவங்க ஊரு நோம்பி, அவங்க பாடு."

"இருக்கறது ரெண்டு டீச்சருங்க. முகாமப் பிரிச்சா அவங்க எந்தப் பக்கம் இருப்பாங்கன்னு உங்களுக்குந் தெரியும், எனக்குந் தெரியும், அந்தப் புள்ளைங்களுக்குந் தெரியும்." ருக்குமணி குரலை உயர்த்தவே இல்லை. "அவங்க வெளிய வர முடியாது. நம்மால உள்ள போக முடியும். முடியறவங்கதானே நடக்கோணும்? என்ர புள்ள மொதல்ல போறா. வாரவங்க வாங்க. வராதவங்களை நான் கோவிச்சுக்க மாட்டேன்."

அந்த 'முதல்ல போற புள்ள' வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது வேறு கதை. "அங்க டவரே கெடைக்காதும்மா!" என்று மோனிஷா அழாத குறை.

"பரீட்சையில டவருக்கு மார்க்கு இல்ல கண்ணு. ஏறு வண்டியில."

மத்தியானம் சின்னராசுவின் பிக்கப் கிளம்பும்போது வகுப்பில் முக்கால்வாசிப் பேர் ஏறியிருந்தார்கள். மீதிப் பேர் கார்த்தியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதல் ரேங்க் போகாத இடத்துக்கு நாம் எதற்கு என்ற யோசனை. கார்த்தி அப்பாவைப் பார்த்தான். "டீச்சருங்க ரெண்டு பேரும் அங்கதானே போறாங்க, நான் மட்டும் இங்க யார்கிட்ட டவுட்டு கேக்கறது?" என்றான். செல்லமுத்து கடைக்குள் போய் ஒரு அரிசி மூட்டையைத் தூக்கி வந்து வண்டியில் போட்டார். "ரேசன் அரிசி அவனுக்கு ஒத்துக்காது" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். கார்த்தி ஏறினான். மீதிப் பேரும் ஏறினார்கள்.

பொழுது சாயும் முன் எல்லாரும் எல்லைக்குள் வந்துவிட்டார்கள். வாசலில் நின்ற அருணா முதலில் மோனிஷாவைப் பார்த்தாள், அப்புறம் பின்னால் வந்த வரிசையைப் பார்த்தாள். வரிசை முடியவே இல்லை. "அம்மா! எல்லாரும் வாராங்கம்மா! கார்த்தி கூட வாரான்!" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். பாப்பாயி வந்து பார்த்தார். ருக்குமணியின் தலையில் இருந்த பாத்திர மூட்டையை இறக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

காப்புக் கட்டியதும் மேளம் தொடங்கியது. செல்லமுத்து பயந்தது சரிதான்! முதல் நாள் ஒருவருக்கும் ஒரு வரி ஏறவில்லை. தேற்றத்தைக் கத்திக் கத்திச் சொல்லியே ஓம்பிரகாஷ் சாருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மெர்சி டீச்சர் செங்கோடனிடம் போனார்.

"ஐயா, மேளத்தை நிறுத்தச் சொல்ல வரல. அது உங்க வழிபாடு. எப்போ அடிப்பீங்க, எப்போ விடுவீங்கன்னு மட்டும் சொல்லுங்க. நான் பாடத்தை அதுக்கேத்த மாதிரி மாத்திக்கிறேன்."

செங்கோடனுக்கு அது பிடித்துப்போனது. வந்து நிறுத்து என்பார் என்று எதிர்பார்த்துப் பதிலைத் தயாராக வைத்திருந்தாராம். "பொழுது உழுந்தவொடனே பூசை, ஒரு மணி நேரம் மேளம். அதோட சரி. பொறவு அம்மனும் செத்த நேரம் படிக்கட்டும்" என்றார்.

அன்றிலிருந்து மேளம்தான் பள்ளிக்கூட மணி. மேளம் அடிக்கும்போது பிள்ளைகள் கம்பத்தைச் சுற்றி ஆடினார்கள். மேளம் நின்றதும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து புத்தகத்தை விரித்தார்கள். மேளம் அடிக்கும் நேரத்தில் மெர்சி டீச்சர் ஒரு மூலையில் உட்கார்ந்து கண்மூடி ஜெபம் பண்ணுவார். அவர் ஆமென் சொல்லும் வரை பாப்பாயி சோற்றுத் தட்டோடு வாசலிலேயே நிற்பார்.

"டீச்சருக்கு எங்க அம்மன் காப்புல இருக்கறது சங்கடமுங்களா?" என்று ஒருநாள் கேட்டார்.

"நாலு வேளையும் இப்படிச் சோறு போட்டா சங்கடம் சேலைக்குத்தான் பாப்பாயி. சுத்து பத்த மாட்டேங்குது."

ஒரு சாயங்காலம் ருக்குமணி வாசலில் நின்று உள்ளே பார்த்தார். கார்த்திக்குத் தாவரவியல் படம் வரவில்லை. அருணா அவனுக்கு வேரும் தண்டுமாக வரைந்து காட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரியாத கணக்கை அவன் சொல்லிக்கொண்டிருந்தான். மோனிஷா புத்தகத்தின் மேலேயே தலைவைத்துத் தூங்கிவிட்டாள். ருக்குமணிக்கு அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சோறு இறங்கியதாம்.

பரீட்சை தொடங்கிய காலையில் மலை முழுக்கப் பனி. எல்லாரும் ரோடு வரை நடந்து, சின்னராசுவின் வண்டியில் ஏறித் தேர்வு மையத்துக்குப் போனார்கள். எழுதிவிட்டுப் பொழுதுக்குள் எல்லாரும் ஈச்சங்குழிப்பட்டிக்கே திரும்பினார்கள். ரோட்டோரத்துப் பிள்ளைகளும்தான்! சொந்த வீட்டைத் தாண்டித்தான் வண்டி போகும். செல்லமுத்து கடை வாசலில் நின்று, "எப்படிடா எழுதுன?" என்று கத்துவார், கார்த்தி கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவான்.

ஆறு பேரில் ஐந்து பேர் தேறினார்கள். ஒரு பையனை மட்டும் கணக்கு கவிழ்த்துவிட்டது. ஓம்பிரகாஷ் சார் அவனை விடாமல் பிடித்து உட்கார வைத்து, துணைத்தேர்வில் அதையும் முடிக்க வைத்தார். அருணா இப்போது சேந்தமங்கலத்தில் ஹாஸ்டலில் தங்கிப் பதினொன்றாவது படிக்கிறாள். அறிவியலில் மோனிஷாவை விட அவளுக்கு ரெண்டு மார்க் கூட. "சாமி அவ பக்கம் இருந்துச்சு, அவ ஊரு சாமிதானே" என்று மோனிஷா இன்னமும் வாதாடுகிறாள்.

அதோடு நின்றதா என்றால் இல்லை. வேறொரு ஊர்க்காரர்கள் வந்து, "அவங்களுக்கு நோம்பின்னு போனீங்க, நோம்பி இல்லாட்டி எங்கூருக்கெல்லாம் வரமாட்டீங்களா?" என்று கேட்டார்களாம். நியாயம்தானே! மேலாண்மைக் குழு கூடிப் பேசியது. இனி வருஷா வருஷம் முகாம் பள்ளிக்கூடத்தில் கிடையாது, ரோடு முடிந்த பிறகு இருக்கும் ஊர்களில்தான் முறை வைத்து நடக்கும் என்று முடிவாகிவிட்டது. இந்த வருஷம் எந்த ஊர் என்பதும் முடிவாகிவிட்டது. ருக்குமணி மிளகை விற்றதும் அங்கே பாத்திரம் கொண்டுபோய் இறக்கப் போகிறார். மெர்சி டீச்சருக்கு மாற்றல் கேட்டுக் கீழே போக வாய்ப்பு வந்தும், இந்த முகாம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டிருக்கிறார்.

நண்பர்களே, கொல்லிமலைக்குப் போகிறவர்கள் அருவியைப் பார்த்துவிட்டு அப்படியே இறங்கி வந்துவிடாதீர்கள். திருப்புலி நாட்டில் இறங்கி, ருக்குமணி அக்கா வீடு எது என்று கேளுங்கள், யாரானாலும் காட்டுவார்கள். பாடம் சொல்லத் தெரிந்தவர்கள் முகாமில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். சாமைச் சோறு நிச்சயம். உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருப்பார், அவருக்கு இதை இப்போதே அனுப்பிவிடுங்கள்.